முதுகைப் பார்த்தே நடந்த மனிதர்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எல்லோரும் என்பதில் ஒரு ஆள் குறைந்துவிட்டான், மிச்சம் இருப்பவர்களும் நலமாக இல்லை. அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயாவது நன்றாக இரு.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனாலும் கிழிப்பதற்குள் கண் நாலு வரியைப் படித்துவிடும். ஐந்தாவதோடு நின்றவள்தான் நான், ஆனால் நம் தெருவில் காலேஜ் முடித்த பெண்கள்கூட நல்ல கையெழுத்தில் விலாசம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள், அது உனக்கே தெரியும். எழுத்தும் கோணாது, சொல்வதும் கோணாது. சித்தி உனக்குச் சொன்னது என் காதுக்கும் வந்தது. பெற்ற பிள்ளையை மலையில் விட்டுவிட்டு அவர் கீழே வந்து டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாளாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. உன் தம்பி மலையில் இருந்தான், அப்பா கீழே கையில் டீயோடு இருந்தார், இரண்டும் உண்மை. ஆனால் நடந்தது அது இல்லை கண்ணு. அங்கே இருந்தவள் நான், சித்தி இல்லை. முழுக்கப் படி. படித்த பிறகும் அவர் குரலே கேட்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் நான் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு அப்பா தான் தைக்கிற மழைக்கோட்டில் ஒரு புது வேலை கண்டுபிடித்தார், உனக்கு அது தெரியாது. கோட்டோடு சேர்த்துத் தைக்கிற தலைமூடியிலிருந்து வழியும் தண்ணீர் கழுத்துக்குக் கீழே தையலில்தானே இறங்கும், எவ்வளவு டேப்பு ஒட்டினாலும் நாளாக ஆக அங்கேதான் ஒழுகும். அந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு துண்டை வெட்டி வைத்து மேலே இரட்டைத் தையல் போட ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஒரு கோட்டுகூட ஒழுகுகிறது என்று திரும்பி வரவில்லை. வேறு எந்தக் கடையிலும் அந்தப் பிறை கிடையாது. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. மழை பெய்தால் போதும், தெருவில் இறங்கி யார் முதுகில் பிறை இருக்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார். ஒருநாள் பேங்க் மேனேஜரை அவர் வீட்டு கேட் வரைக்கும் பின்தொடர்ந்து போனார், வாட்ச்மேன் இவரைத் திருடன் என்று பிடித்து வைத்துக்கொண்டான், தம்பி போய் அழைத்துவந்தான். எங்கள் கூட நடந்தாலும் முன்னால் வரமாட்டார், எல்லோருக்கும் கடைசியில் வந்து ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பார். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எல்லாம் இதனால்தான்.

தம்பி மகள் நம் வாலுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, மழைக்கு முன்னால் கொடுக்க வேண்டிய கோட்டெல்லாம் தைத்துக் கொடுத்து மிஷினும் ஓய்ந்திருந்தது. இரண்டு நாள் டூர் பஸ், முதல் நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது, மறுநாள் மலை ஏறுவது. போன இடத்தில் முதல் நாளே மேகம் தரைக்கு வந்துவிட்டது. அருவியைக் காதால்தான் கேட்டோம். கைடு கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒன்றுமே இல்லாததைக் காட்டி இதுதான் ஏரி என்றான். உன் தம்பி என்னிடம், ஆமாம்மா, நல்லா வெளுத்துக் காயப் போட்டிருக்காங்க என்றான். வாலு சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. தங்கின அறையில் போர்வை ஈரம், ஜன்னல் சாத்தினால் சாத்தாது, அப்பா ஒரு கோட்டைப் பிரித்து ஜன்னலில் மாட்டி அடைத்தார். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்திருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் தூறல். பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் மலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அறையிலேயே இருந்துவிட்டார்கள். மருமகளும் போக வேண்டாம் என்றாள், வாய்விட்டே சொன்னாள். அப்பாதான் கேட்கவில்லை. மழைக்கோட்டு தைக்கிறவன் மழைக்குப் பயந்து உட்கார்ந்தால் நாளைக்கு எவன் நம் கடைக்கு வருவான் என்றார். புதிதாக ஒரு தலைமூடி தைத்திருந்தார், காற்றில் பின்னால் விழாத மாதிரி, அதை மலையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இவரைத் தனியாக விடக் கூடாது என்று தம்பி கிளம்பினான். அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு, மலை ஏறுபவர்கள் உட்கார்ந்து போகிற இடம், என் முழங்காலுக்கு அதுவரைக்கும்தான் முடிந்தது, நானும் மருமகளும் வாலும் அங்கே உட்கார்ந்துகொண்டோம். போகும்போது தம்பி திரும்பி, அம்மா, அப்பா மலையைப் பாக்க வரல, மலை ஏறுறவன் முதுகைப் பாக்க வராரு என்றான். அப்பா, உன் முதுகைத்தாண்டா பாக்கப் போறேன், ஒழுகுச்சுன்னா சொல்லு என்றார். அந்தக் கேலிதான் அவன் என் காதில் விழப் பேசிய கடைசிப் பேச்சு.

மேலே நடந்ததை எனக்குச் சொன்னது ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவரும் அவர் கூட வேலை பார்ப்பவர்களும் அன்றைக்கு மலைக்கு வந்திருந்தார்கள். மிச்சத்தை அப்பா வாயிலிருந்து துண்டு துண்டாக எடுத்தேன். உச்சிக்குப் போவதற்கு முன்னாலேயே காற்றும் மழையும் பெரிதாகிவிட்டதாம், நின்று நகர முடியவில்லை, போதும் இறங்கலாம் என்று தம்பி சொல்லித் திரும்பியிருக்கிறார்கள். அவன் முன்னால், இவர் பின்னால். பாதை பிரிகிற இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை நிற்கிறது, ஒரு பக்கம் எங்கள் கொட்டகைக்கு வரும், இன்னொரு பக்கம் மலைக்கு அந்தப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். அந்த இடத்தில் கண்ணாடியில் தண்ணீர் என்று அப்பா நின்று துடைத்திருக்கிறார். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரே ஒரு முதுகு, அதே பச்சை, அதே பிறை. தம்பிதான் என்று அதன் பின்னாலேயே போய்விட்டார். அது அந்த வாத்தியார். போன வருஷம் நம் கடையில் வாங்கிய கோட்டு. அந்தக் காற்றில் கூப்பிட்டாலும் கேட்காது, தலைமூடி போட்டால் ஒருவன் தலையும் இன்னொருவன் தலையும் ஒன்றுதான், எதிரில் இருப்பவன் பத்தடி போனால் மறைந்துவிடுகிறான், இவர் அந்தப் பிறையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வெகு தூரம் இறங்கியிருக்கிறார். வழி சறுக்கினபோது வாத்தியார் கை கொடுக்கத் திரும்பி, யாருங்க நீங்க என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்போதுதான் அப்பாவுக்கு ஆள் மாறியது தெரிந்ததாம். திரும்பி மேலே போகிறேன் என்று எவ்வளவோ போராடினாராம். வயசானவரை இந்த மழையில் தனியாக ஏறவிட்டால் எங்களுக்குத்தான் பாவம், உங்கள் மகன் இளவட்டம், இந்நேரம் இறங்கிப் போயிருப்பார், வேனில் மலையைச் சுற்றி உங்களை அழைத்துப் போய் அந்தக் கொட்டகையிலேயே விடுகிறோம் என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் வேன் வரும்வரைக்கும் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், கிடைக்கவில்லை, எங்கள் கொட்டகையிலும் சிக்னல் கிடையாது. குளிரில் பல் கிட்டிப்போய் நடுங்கினார் என்று அந்த வாத்தியார்தான் டீ வாங்கி அவர் கையில் திணித்தார். அப்போதுதான் நம் பஸ்ஸில் வந்த எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் அந்தப் பக்கமாகப் போனவர் பார்த்திருக்கிறார். சித்திக்கு வந்த கதை அவர் வழியாக வந்தது. அவர் பார்த்தது ஒரு கிளாஸ் டீ. அப்பா அந்த டீயைக் குடித்தாரா கீழே ஊற்றினாரா என்று அப்பாவுக்கே நினைவில்லை.

இங்கே கொட்டகையில் எங்கள் கதை வேறு. மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்கவில்லை. மேலேயிருந்து புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். வழியில் ஒருத்தரைப் பார்த்தோம், அப்பா கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டாரு, கூட்டிக்கிட்டு வந்துடறேன்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு என்றார் அந்த மனிதர். எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் பயப்படக் கூடாது என்று அவன் கட்டிய கதை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்தான் மருமகளைப் பார்த்து, அவரு மேல கோட்டே இல்லைங்களே, சட்டையோட நனைஞ்சுக்கிட்டு மேல போறாரே, ஏன் என்று கேட்டாள். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டை அப்பாவுக்குப் போட்டுவிட்டிருப்பான் என்று சொன்னேன். அப்பாவுக்குத்தான் கோட்டு இருக்கிறதே என்று வாலு சொன்னாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வேன் வந்து நின்றது. அப்பா இறங்கினார். உடம்பு ஒரு சொட்டு நனையாமல் இருந்தார், அவர் தைத்த கோட்டு அப்படி. இறங்கினவர் எங்களைப் பார்த்து, எங்க அவன் என்று கேட்டார். அதே நொடியில் மருமகள், மாமா, அவரு எங்க என்று கேட்டாள். இரண்டு கேள்வியும் ஒன்றாகக் காற்றில் மோதி நின்றது. இன்றைக்கு வரைக்கும் நம் வீட்டில் யாரும் பேசாத நேரமெல்லாம் எனக்கு அந்த இரண்டு கேள்வியும்தான் கேட்கிறது.

அன்றைக்கே மலைக் காவலர்கள் விளக்கோடு போனார்கள், பாதையில் மண் சரிகிறது என்று திரும்பிவிட்டார்கள். மறுநாள்தான் அந்தப் பலகையிடம் போக முடிந்தது. தம்பியின் கோட்டு அங்கே இருந்தது. பலகைக்கு மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டு, தலைமூடியை மேலே இழுத்துக் கட்டி, ஆள் நிற்கிற மாதிரி வைத்திருந்தான். ஒரு கையைக் கொட்டகைப் பாதைப் பக்கமாக நீட்டிக் கயிற்றால் கட்டியிருந்தான். முதுகைப் பாதைக்குக் காட்டி மாட்டியிருந்தான் கண்ணு. நாமாக இருந்தால் முன்பக்கம் தெரிய மாட்டியிருப்போம். அப்பா முதுகைத்தான் பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியும். மேலே தேடப் போகிற நேரத்தில் அப்பா இந்த வழியாக வந்துவிட்டால் பிறையைப் பார்த்து சரியான பக்கம் இறங்கிவிடட்டும் என்று வைத்துவிட்டு, வெறும் சட்டையோடு அந்த மழையில் மேலே போயிருக்கிறான். அவனைக் கண்டெடுத்தது உச்சிக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில். விழவில்லை, அடிபடவில்லை, குளிர்தான் என்றார்கள். காவலர்களின் தலைவர் நல்ல மனதோடுதான் கோட்டை அப்பா கையில் கொடுத்து அது எங்கே எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் வாயைப் பொத்தியிருப்பேன்.

அதன் பிறகு நடந்த காரியங்களை நீ போனில் பார்த்தாய், லீவு கிடைக்காமல் நீ அங்கே துடித்ததை நான் பார்த்தேன். அது முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அப்பா செய்தது உனக்குத் தெரியாது. கடையில் விற்பதற்குத் தைத்து அடுக்கி வைத்திருந்த கோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிளேடால் ஒவ்வொரு முதுகிலும் இருந்த பிறையைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்தால் ஊசித் துளை நிற்குமே, அப்புறம் அந்தக் கோட்டு மழைக்கு ஆகாதே என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாததா. நாள் முழுக்க அதே வேலை, சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் இருக்கு என்பார். வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்த் திரும்பக் கேட்கலாமா என்று ஒருநாள் என்னைக் கேட்டார். மருமகள் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள், தட்டை மட்டும் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைப்பாள், வாலு தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அம்மா வந்து தன்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டபோதும், வாலுக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள், அதுவே பெரிது. போன வாரம் நேராக வந்து அவர் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள். பிரிச்சா அவரு வந்துடுவாரா மாமா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. இந்த வீட்டில் அவளை விட்டால் கேட்க யாருக்கு உரிமை. அவர் தலையை ஆட்டினார், வர மாட்டான் என்று ஆட்டினாரா, சரி என்று ஆட்டினாரா, தெரியவில்லை. அன்றிலிருந்து பிரிப்பதும் இல்லை, தைப்பதும் இல்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பிளேடு கையில் இருந்ததே மேல் என்று இப்போது தோன்றுகிறது.

இனி உன்னிடம் வருகிறேன். நீ கூப்பிடும்போது நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், என் காது அப்படி. மணி அடித்ததும் அவர் எழுந்து உள் அறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்பார். நீ கடைசியாகப் பேசினபோது, ஸ்பீக்கர்ல போடாதம்மா, அந்த ஆளு கேப்பாரு என்றாய். கேட்டுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். சரியாத்தான் சொல்றா என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். என்ன குற்றம் செய்தாலும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மிஷின் மிதித்த மனிதர் அவர், உன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு வலித்தது. உன்னை வையவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது, காலையில் அவர் முகத்தில் விழிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் உண்டு. ஆனால் உன் கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா. போய்ட்டு வாங்கப்பா, அம்மாவுக்கு இந்த நாலு சுவத்தை விட்டா என்ன தெரியும் என்று போனில் சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டது நீதான். அப்பாவை வைவதை நிறுத்தினால் அந்தக் கோபம் உன்மேல் திரும்பிவிடும் என்று உனக்குப் பயம். தங்கம், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நீ பாசத்தில் சொன்னாய், அவர் பெருமையில் போனார், அவன் பாசத்தில் திரும்பிப் போனான். இதில் யாரைத் தூக்கிக் குப்பையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு பிள்ளை போய்விட்டான், கட்டினவர் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார், நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய். நீ அங்கே யார் யாரையோ பெற்ற அப்பாமார்களுக்கெல்லாம் போர்வை போர்த்திவிட்டு மாத்திரை கொடுக்கிற வேலை பார்க்கிறாய், அதைச் சொல்லி உன்னை மடக்கவில்லை, எனக்கு வேறு ஆள் இல்லை என்று சொல்கிறேன்.

அவரை மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அது என் கையிலும் இல்லை உன் கையிலும் இல்லை. அவரோடு பேசு என்றும் கட்டாயம் இல்லை.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வேலை முடிந்து வரும்போது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து நீங்கள் இரண்டு பேரும் பிள்ளை குட்டியோடு நிறைவாக வாழ வேண்டும், அதைத் தவிர வேண்டிக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் மிச்சம் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து நின்றார். யாருக்கு என்று கேட்டார், பெரியவளுக்கு என்றேன். ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். போய்விடுவார் என்று நினைத்தேன், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். அப்புறம், அங்க மழையான்னு கேளு என்றார். அவ்வளவுதான். அவருக்கு வேறு என்ன கேட்கத் தெரியும். நான் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில்தான் போடுவேன், அவர் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். அங்கே மழையா இல்லையா என்று சொல். என்னிடம் சொல்கிற மாதிரி சொன்னால் போதும், கொஞ்சம் உரக்கச் சொல்.

இப்படிக்கு
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா